மானியக் கோரிக்கை எண் 43: ஒப்புதல் உண்டு, ஆய்வு இல்லை

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அரசுப் பள்ளிகளுக்கான பணத்தை மானியக் கோரிக்கை எண் 43-இன் வழியாக ஒதுக்குகிறது. நிதிநிலை அறிக்கை, பொது விவாதம், துறைவாரி மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், வாக்கெடுப்பு, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்ற வரிசையில் அது நடக்கிறது. ஒதுக்கீடு ஆண்டுதோறும் கூடுகிறது என்பதே இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். 2023-24-இல் 40,299 கோடி ரூபாய், 2024-25-இல் 44,042 கோடி, 2025-26-இல் 46,767 கோடி. தொகை வளர்ந்தது உண்மை. ஆனால் அதைப் பங்கிடும் முறை சரியா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

நிறைகள் இல்லாமல் இல்லை. ஆட்சி மாறியபோதும் பள்ளிக் கல்வி பின்னுக்குப் போகவில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவானது. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வகுப்பறைகளும் எழுகின்றன.

குறை அடிப்படையானது: அவை ஒப்புதல் தருகிறது, ஆராய்வதில்லை. இத்தனை ஆயிரம் கோடிக்கான விவாதம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிறது. பள்ளியைத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா, புதிய கட்டடம் கிடைக்குமா என்பவையே உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள். வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அது அரசின் மீதான நம்பிக்கையின்மையாகவே கொள்ளப்படும். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே முடிவு வாக்கெடுப்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

ஒதுக்கீட்டின் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதுதான் உண்மையான பங்கீடு. அதை முடிவு செய்பவை 1997-இல் வந்த அரசாணை 525 போன்ற ஆணைகள். அவற்றின் அளவுகோல் மானியக் கோரிக்கையோடு வாக்கெடுப்புக்கு வருவதில்லை. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இதன் விளைவைக் காணலாம். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் ஆண்டு முழுவதும் வந்து போகிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் மழைக்காலம் முடிந்தபின் வந்து, கோடையோடு திரும்புகின்றன. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். ஜனவரியில் சேரும் பிள்ளையோ ஆகஸ்ட் கணக்கில் இல்லை; அந்தப் பிள்ளைக்கென ஆசிரியரும் இல்லை, ஒடியா தெரிந்தவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. துறைமுகங்களும் அனல் மின்நிலையமும் அமைந்த பொன்னேரித் தொகுதியில், பழவேற்காட்டு மீனவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் அதே அளவுகோல்தான். தேவை கூடிய இடத்துக்குப் பணம் கூடிப் போக வழி இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி சுவர் எழுப்பித் தரும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தராது.

ஆசிரியர் பங்கீடு நிர்வாகத்தின் வேலை, சட்டமன்றத்தின் வேலை அல்ல என்ற மறுப்பு ஏற்கத்தக்கதல்ல. கலிபோர்னியா 2013-இல் பள்ளி நிதிச் சூத்திரத்தையே சட்டமாக்கியது. வறுமையில் வாழும் மாணவர், ஆங்கிலம் கற்றுவரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக அங்கே சேர்கிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. நாடாளுமன்றம் 1993-இல் அத்தகைய குழுக்களை அமைத்தது. தமிழ்நாட்டில் வாக்கெடுப்புக்கு முன் ஆராயும் குழு இல்லை. பொதுக் கணக்குக் குழு, செலவான பிறகே கணக்கைப் பார்க்கிறது.

கோடிகளை மட்டும் காட்டி இந்த முறையைக் காப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். எண் 43-ஐ வாக்கெடுப்புக்கு முன் ஆராய ஒரு குழு, ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்க அவையின் ஒப்புதல் பெற்ற அளவுகோல், ஆண்டின் நடுவில் சேரும் மாணவரையும் எண்ணும் கணக்கு ஆகிய மூன்றையும் சட்டமன்றம் ஏற்க வேண்டும். அதுவரை பள்ளி நிதியைத் தீர்மானிப்பது கோட்டையின் கோப்புகளே. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அல்லர்.