அடுத்தாளின் அயல்வாழ்வு: ப. சிங்காரத்தின் நாவல்களில் ஊழியமும் நிலைகுலைவும்

முன்னுரை

தொழில் நிமித்தம் கடல் கடந்த தமிழரின் வாழ்வை நாவலாக்கியோருள் ப. சிங்காரம் (1920–1997) தனித்துக் குறிப்பிடத்தக்கவர். சிங்கம்புணரியில் பிறந்த அவர் 1938இல் இந்தோனேசியா சென்று மெடானில் வட்டிக்கடை ஊழியராகப் பணியாற்றினார். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நெடுங்காலம் பணிபுரிந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. இவற்றைப் போர் நாவல்களாகவும் புலம்பெயர் இலக்கியத்தின் முன்னோடிகளாகவும் வாசிப்பதே திறனாய்வில் பெருவழக்கு. இவ்விரு வாசிப்புகளிலும், கதைமாந்தர் வட்டிக்கடை ஊழியர் என்னும் செய்தி பின்னணித் தகவலாகச் சுருங்கிவிடுகிறது. அவ்வூழியத்தின் அன்றாட ஒழுங்கை முன்னிறுத்தி நோக்கின், நாவல்கள் காட்டும் நிலைகுலைவுகளின் இயல்பு தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கிட்டங்கி வாழ்வு

தென்கிழக்காசிய நகரங்களில் இயங்கிய தமிழர் வட்டிக்கடைகளில் ஊழியம் படிநிலை உடையது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகிப் பின்னர் மேலாளாக உயர்வான். பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்காக வகுக்கப்பட்டது. கணக்கு முடிந்ததும் ஊர் சென்று, மணம் முடித்தோ மனைவி மக்களைக் கண்டோ மீண்டும் கப்பலேறுவர். ஒரே கிட்டங்கியில் பல கடைகள் இருந்தன. பகலில் பெட்டிக்கு முன் அமர்ந்து பேரேடு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தனர். சமைப்பவரும் ஊரார், சமையலும் ஊர்ச் சமையல். கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய அளவு மலாய் மொழி போதுமானதாயிருந்தது.

அயலில் இருந்துகொண்டே அயலைத் தொடாமல் வாழ இவ்வமைப்பு வழிசெய்தது. அங்குக் கழியும் ஆண்டுகள் ஊரில் தொடங்கவிருக்கும் வாழ்வுக்கான முன்பணமாகவே எண்ணப்பட்டன. 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் திரும்பத் திரும்ப வருவதை இப்பின்னணியில் காணல் வேண்டும். அவற்றை இழந்த ஊருக்கான ஏக்கமாக மட்டும் கொள்வது பொருந்தாது. கணக்கு முடிந்ததும் சென்றடைய வேண்டிய இடம் அது. நிகழ்காலத்தை அளக்கும் கோலும் அதுவே. ஊரை விடாத இம்மனநிலையைப் 'புலம்பெயர்வு' என்னும் சொல் முழுமையாகத் தழுவுவதில்லை.

அரண் உடைதல்

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதைத் தெருவில் நின்று காணும் கூட்டத்தோடு 'புயலிலே ஒரு தோணி' தொடங்குகிறது. நேற்றுவரை ஆண்ட டச்சுக்காரரின் அதிகாரம் கண்முன் மறைகிறது. பின்னர், கொள்ளையில் பிடிபட்டோரின் வெட்டுண்ட தலைகள் நகரில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இக்காட்சியின் கொடூரம் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஊழியர் நோக்கில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. வட்டிக்கடைக்காரர் கையிலிருந்த கடன் சீட்டுக்குப் பின்னால் காலனிய நீதிமன்றமும் காவலும் இருந்தன. ஆள்வோர் மாறியபோது அச்சீட்டுக்குப் பிணை நின்ற உலகமும் குலைந்தது. மலேயாவில் போர் முடிந்ததும் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகள் செல்லாதனவாயின. பேரேட்டின் பக்கத்துக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு இவ்வாறு இருமுறை அறுந்தது. ஆளும் தரப்பிலும் ஆளப்படும் மண்ணின் மக்கள் தரப்பிலும் சேராது இடையில் பாதுகாப்பாக இருந்த அயலார், அந்த இடைவெளியே ஆபத்தாக மாறுவதை உணரும் தருணம் இது.

துப்பாக்கியும் பேரேடும்

இந்நிலைகுலைவின் கூர்மையான வடிவம் 'கடலுக்கு அப்பால்' நாவலில் அமைகிறது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையிடம் அடுத்தாளாயிருந்த செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். பிள்ளையின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள். பிள்ளையோ அவனை மறுத்து நாகலிங்கத்தை மருமகனாகத் தேர்கிறார். சாதியோ வறுமையோ இங்குத் தடையாகவில்லை. துப்பாக்கி பிடித்தவனிடம் வட்டித்தொழிலுக்குரிய பணிவும் பொறுமையும் எஞ்சியிரா என்பதே அவர் கணிப்பு. இதனைத் தந்தையின் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆயின் பிள்ளை பேசுவது தொழிலின் தருக்கத்தை. குடும்பத்தோடு பினாங்கிலேயே வாழ்பவராயினும் மகளின் மணத்தைத் தீர்மானிக்கும்போது அவர் கிட்டங்கியின் அளவுகோலையே கையாள்கிறார். போரில் உயிர்தப்பிய செல்லையா கடையில் தன் இடத்தை இழக்கிறான். மரகதத்தின் விருப்பம் அக்கணக்கில் வரவு வைக்கப்படுவதேயில்லை.

பாண்டியன் இதற்கு மறுதிசையில் செல்கிறான். பேரேட்டை விட்டு விலகிய அவன், பின்னர்ச் சுமத்ராவில் டச்சுக்காரருக்கு எதிரான போரில் கலந்து, ஊர் சேராமலே மடிகிறான். ஒருவன் கடைக்குத் திரும்பியும் ஏற்கப்படவில்லை. மற்றவன் ஊருக்குத் திரும்பவே இயலவில்லை. மூன்றாண்டுக் கணக்கு உறுதியளித்த மீட்சி இருவருக்கும் பொய்த்துப்போகிறது.

நோக்கின் எல்லை

சிங்காரத்தின் நோக்குக்கு எல்லையும் உண்டு. மெடானின் செழிப்புக்கு அடித்தளமான டெலி புகையிலைத் தோட்டங்களில் உழைத்த சீன, சாவகக் கூலிகளோ, சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலேயத் தோட்டத் தமிழரோ இந்நாவல்களின் மையப் பாத்திரங்களாவதில்லை. கடன் கொடுப்போர் பக்கமிருந்து காணப்பட்ட அயல்நிலம் இது. பினாங்கில் நண்பர்கள் மது அருந்தியவாறு தமிழ்ப் பழம்பெருமையை எள்ளும் பகுதியில் வெளிப்படும் கூரிய சுயவிமர்சனம், தொழிலுக்கும் கடனாளிக்கும் இடையிலான உறவின்மீது அதே அளவு திரும்புவதில்லை.

முடிவுரை

சிங்காரத்தின் மாந்தர் குடியேறச் சென்றவரல்லர். குறித்த கால ஊழியத்துக்குச் சென்றவர். அவர்களை நிலைகுலையச் செய்வது அயல்நாட்டின் அந்நியத்தன்மையைக் காட்டிலும், அதிலிருந்து தம்மைக் காத்த ஒழுங்கின் முறிவே. இவ்வேறுபாட்டைப் புலம்பெயர் இலக்கியம் என்னும் பொதுத்தலைப்பு மறைத்துவிடுகிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்த ஆண்டுகளை எண்ணி உழைப்போரின் எழுத்துகளை ஆராய்வதற்கு, 'ஊழியப் பெயர்வு' என்னும் தனிவகைமை பயன்படும். அதற்கான தொடக்கச் சான்றுகளாக இவ்விரு நாவல்களையும் கொள்ளலாம்.