துண்டுப்பிரசுரத்துக்கு இடமில்லாத நூலகம்

சென்ற தவணையிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சேர், கெம்பஸில ஏன் எப்பவும் ஸ்ட்ரைக்? அவங்களுக்குப் படிக்க விருப்பமில்லையா?" அவளுடைய தந்தை கிராண்ட்பாஸிலுள்ள தேயிலைக் களஞ்சியம் ஒன்றிலே மூட்டை சுமப்பவர். அவள் வீட்டிலே பல்கலைக்கழக வாயிலைக் கண்டவர் ஒருவருமில்லை. பல்கலைக்கழகத்தைப் பற்றி அவள் அறிந்திருந்ததெல்லாம் செய்திப் படங்களிலே தோன்றும் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் கலைந்தோடும் மாணவர் கூட்டமுமே.

விடையை நானே சொல்லியிருக்கலாம். ஆனால், ஆசிரியன் சொன்னதை மாணவி ஒப்புவிப்பதனால் இருவருக்கும் பயனில்லை. பல்கலைக்கழகத்திலே நடப்பதைப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே தேடிப் பார்ப்போம் என்று எண்ணினேன். விடுமுறையிலே சில நாட்களை அதற்கென ஒதுக்கினேன். அங்கே கண்டவற்றையும் காணாதவற்றையும் இங்கு ஆராய்வதே என் நோக்கம். ஒரு நூலை விமர்சிப்பதுபோல ஒரு நூலகத்தையும் விமர்சிக்கலாம்; விமர்சிக்கவும் வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ தீர்மானித்ததன் விளைவே நூலகம். அத்தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு சமூக நோக்கு இருந்தே தீரும்.

முதலிலே நான் தேடியது 2012ஆம் ஆண்டு. அது நான் பட்டப்படிப்பு மாணவனாக இருந்த காலம். அவ்வாண்டு யூலைத் தொடக்கத்திலே பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஆரம்பித்த பணிப்புறக்கணிப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து ஒக்டோபரிலேதான் முடிவடைந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்பது அதன் முதன்மையான முழக்கம். ஓகஸ்டிலே அரசாங்கம் மருத்துவ பீடங்கள் தவிர்ந்த பல்கலைக்கழகங்களை மூடியது. செப்டெம்பரிலே விரிவுரையாளர்கள் காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே வந்தார்கள். இந்நாட்டின் கல்வி வரலாற்றிலே, பாடம் சொல்பவர்கள் தெருவிலே நடந்து, இலவசக் கல்வி யாருக்கு உரியது என்ற கேள்வியை மக்கள் முன் வைத்த அரிய சந்தர்ப்பம் அது.

கட்டப்பட்டிருந்த அவ்வாண்டுப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் பார்த்த கட்டுக்களிலே பெரிய எழுத்தில் நின்றது சம்பளக் கோரிக்கை. அதற்கு அடுத்தபடியாக அமைச்சர்களின் கண்டனமும் பெற்றோரின் கவலையும் இருந்தன. ஆறு வீதம் என்ற கோரிக்கை வந்த இடங்களிலும், அந்த ஆறு வீதம் எங்கே செலவாக வேண்டும், அதனால் கிராண்ட்பாஸ் பாடசாலைக்கு என்ன கிடைக்கும் என்ற விளக்கம் அரிதாகவே தென்பட்டது. ஆனால் அந்நாட்களிலே எங்கள் கைகளுக்கு வந்த துண்டுப்பிரசுரங்களிலே அந்த விளக்கம் இருந்தது. மாணவர் கையிலே எழுதிப் பிரதி எடுத்தவை, விரிவுரையாளர் தட்டச்சிட்டவை, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தவை. அவற்றை நூலகரிடம் கேட்டேன். அவர் அன்புள்ளவர். சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானவற்றை நாங்கள் பதிவதில்லை, சேர்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

நாட்டிலே அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. அச்சகத்தை விட்டு வெளிவரும் நூலுக்குச் சட்டமே வழிகாட்டி நூலகத்துக்கு அழைத்து வருகிறது. பத்திரிகை முதலாளியின் தாள் கட்டப்பட்டு, திகதியிடப்பட்டு, தட்டிலே ஏறுகிறது. விடுதி அறையிலே நள்ளிரவில் எழுதப்பட்ட பிரசுரத்துக்கு அத்தகைய வழித்துணை இல்லை. அது சிற்றுண்டிச்சாலை மேசையிலே கிடக்கும், சுவரிலே ஒட்டப்படும், மழையிலே கரையும், கூட்டுபவரின் வாரியலோடு போகும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து பார்க்கும்போது, மாணவனைப் பற்றி மற்றவர் எழுதியது இருக்கும். மாணவன் தன்னைப் பற்றி எழுதியது இராது. வரலாற்றிலே யார் பேசுவது, யார் பேசப்படுவது என்பதை நூலகத் தட்டு இவ்வாறு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

அப்படியாயின் நூலகத்தினாற் பயனில்லையா? அவ்வாறு சொல்பவன் அறியாமையையே போற்றுபவன் ஆவான். பத்திரிகைக் கட்டோடு தேடலை நிறுத்தாதவனுக்கு அங்கே பெருஞ் செல்வம் காத்திருக்கிறது. இதற்குத் தரப்படுத்தலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம்மிடையே மேடைகளிலே மிகுதியாகப் பேசப்பட்டதும் மிகக் குறைவாகப் படிக்கப்பட்டதுமான பொருள் இதுவே எனலாம். 1970களின் தொடக்கத்திலே மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மாணவர் 400 புள்ளிகளுக்கு 250 பெறவேண்டியிருந்தது; சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமானதாயிருந்தது. 1974இலே மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. அக்காலப் பத்திரிகைகளை மட்டும் படிப்பவன் இரு இனங்களின் கோபத்தையே காண்பான். பாராளுமன்ற விவாத அறிக்கையையும் அதனுடன் சேர்த்துப் படிப்பவன் ஆட்சியிலிருந்தோர் காட்டிய நியாயத்தைக் காண்பான். அவ்வாண்டுகளின் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிலே வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா போன்றோர் எழுதிய கட்டுரைகளையும் தேடிப் படிப்பவன், எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம், எந்தப் பிரிவினர் இழந்தனர், எவர் பெற்றனர் என்ற கணக்கை அறிவான். மொழியை அளவுகோலாக்கிய அநீதி ஒன்று. பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைக்கு வழிவிடவேண்டும் என்ற கேள்வி மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பது நூலகமே.

இந்த வேறுபாடு என் மாணவிக்கு வெறும் பழங்கதையன்று. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் வரையில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கொழும்பு பின்தங்கிய மாவட்டமன்று. வெட்டுப்புள்ளி மிக உயர்ந்த மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே, விஞ்ஞான ஆய்வுகூடம் ஒழுங்காக இல்லாத பாடசாலையிலே படித்து, தோட்டம் என்று கொழும்பார் சொல்லும் நெருக்கக் குடியிருப்பிலே ஒரு மின்குமிழின் கீழ்ப் பாடம் எழுதும் பிள்ளை, நகரத்தின் பேர்பெற்ற கல்லூரிகளிலும் விலையுயர்ந்த தனியார் வகுப்புக்களிலும் பயிலும் பிள்ளையோடு ஒரே மாவட்டத்தவளாகப் போட்டியிடுகிறாள். மாவட்டம் என்ற சொல் வர்க்கத்தை மறைத்துவிடுகிறது! இவ்வுண்மையை எந்தத் தலைப்புச் செய்தியும் அவளுக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலையும் வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது அது தானாகவே புலப்பட்டது. நடப்புப் பிரச்சினையை நூலகத்தின் துணையோடு ஆராய்வது என்றால் இதுதான்.

இனி, மாணவர் எழுத்து எங்குமே பேணப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பிழையாகும். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தினர் வெளியிட்டு வந்த ‘இளங்கதிர்’ இதழ்களும், 1960களின் முற்பகுதியிலே பேராதனை மாணவர் வெளியிட்ட ‘கதைப் பூங்கா’, ‘விண்ணும் மண்ணும்’ முதலிய சிறுகதைத் தொகுதிகளும் தேடுவோர்க்குக் கிடைக்கின்றன. பேராதனையிலே பயின்ற கைலாசபதியும் சிவத்தம்பியும் நமது விமர்சனத்துக்குச் சமூக அடித்தளம் அமைத்தவர்கள். 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த கைலாசபதி, ஈழத்து எழுத்தாளருக்குப் பத்திரிகைப் பக்கங்களைத் திறந்துவிட்டார். வளாகத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே அன்று பாலம் இருந்தது என்பதற்கு இவை சான்று. ஆனால் இலக்கியம் என்ற பெயர் பெற்றமையாலேயே இவ்வெழுத்துக்கள் தட்டேறின என்பதை மறக்கலாகாது. அதே கைகள் எழுதிய கண்டன அறிக்கைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

கிட்டாததன் விலை என்ன? 1971 ஏப்ரிற் கிளர்ச்சியின் பின்னர் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் கைதான இளைஞரை அடைத்து வைக்கும் முகாம்களாக மாற்றப்பட்டன. 1976 நவம்பர் 12ஆம் திகதி பேராதனை வளாகத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் வீரசூரிய என்ற மாணவர் உயிரிழந்தார். நமது தமிழ் மாணவருள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 2021 சனவரி 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதையும், சில நாட்களிலேயே மாணவரின் போராட்டத்தால் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டதையும், தெற்கிலுள்ள சிங்கள மாணவருள் எத்தனை பேர் அம்மாணவரின் சொற்களிலேயே படித்திருப்பர்? ஒருவர் எழுதிய பிரசுரம் மற்றவர் நூலகத்திலே இல்லாதபோது, ஒருவர் துயரம் மற்றவருக்கு வதந்தியாகவே எட்டுகிறது. பிரித்தாள விரும்புவோர்க்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை.

இங்கு நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். துண்டுப்பிரசுரம் வேதவாக்கு அன்று. அதற்கும் மறைப்புண்டு, அதற்கும் வசதியான மௌனமுண்டு. 1997இலே பேராதனையிற் பகிடிவதையினால் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. என் மாணவப் பருவத்திலே அரசின் அடக்குமுறையைப் பற்றி நூறு பிரசுரங்கள் என் கைக்கு வந்தன. விடுதியிலே முதலாமாண்டு மாணவன் முழந்தாளிட்டதைப் பற்றி ஒன்றாவது வந்ததாக நினைவில்லை. மக்கள் விடுதலையைப் பேசும் கை, இளையவனின் கன்னத்திலே விழுவது எவ்வகை முற்போக்கு? ஆகவே பிரசுரத்தைச் சேர்த்து வைப்பது அதை வழிபடுவதற்காக அன்று. பத்திரிகையைப் போலவே அதையும் விசாரணைக்கு உட்படுத்துவதற்காக. விசாரிக்கப்படவேண்டிய சாட்சியையே அழித்துவிட்டால் விசாரணை எங்ஙனம் நிகழும்?

நூலக இழப்பு என்றதும் நமது நெஞ்சிலே 1981தான் எழுகிறது. அவ்வாண்டு மே இறுதி நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்தக் கொடுமையை மன்னிக்க முடியாது. எனினும், தீயினால் அழிந்ததற்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், சேர்க்காமையினால் நாள்தோறும் அழிவதைக் காண்பதில்லை. தீ ஓரிரவிலே செய்ததைக் கவனமின்மை பல்லாண்டுகளாகப் புகையின்றிச் செய்துகொண்டிருக்கிறது. 2005இலே ஒரு சில இளைஞரின் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துச் சஞ்சிகைகளையும் பிரசுரங்களையும் மின்வடிவிலே திரட்டித் தந்திருக்கிறது. பெரும் நிறுவனங்கள் தயங்கியதைத் தன்னார்வலர் செய்தனர் என்பது அவர்களுக்குப் பெருமை, நிறுவனங்களுக்குச் சிறுமை.

வாயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மாணவியையும் அவளுடைய தோழியர் இருவரையும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பாடசாலை மாணவருக்கு அனுமதியில்லை என்று காவலர் சொன்னார். அவர்மீது குற்றமில்லை, அவர் விதியைக் காப்பவர். அந்தக் காவலரின் பிள்ளைக்கும் உள்ளே இடமில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். அப்பிள்ளைகளின் பெற்றோர் வாங்கும் சீனிக்கும் பருப்புக்கும் செலுத்தும் வரியினாலேதான் அந்நூலகத்தின் விளக்குகள் எரிகின்றன. மூட்டை சுமந்தவன் மகள் வாயிலுக்கு வெளியே நிற்க, உள்ளே இலவசக் கல்வியின் வரலாறு கண்ணாடி அலுமாரியிலே இருக்கிறது!

நமது கோரிக்கைகள் எளியவை. பெரும் பணம் வேண்டாதவை. ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகமும் தன் வளாகத்திலே வெளியாகும் பிரசுரங்களையும் சுவரொட்டிகளையும் சங்க அறிக்கைகளையும், எக்கட்சியினது, எம்மொழியினது என்று பாராமல், திகதியிட்டுச் சேர்க்கட்டும். ஓர் அலுமாரியும் ஓர் உதவியாளரும் போதும். வளாக நிகழ்ச்சிகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளுக்கு மூன்று மொழிகளிலும் அட்டவணை அமையட்டும். உயர்தர மாணவர் ஆசிரியருடன் வந்து படிக்க மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கதவு திறக்கட்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. நூலகம் என்றால் கடந்தகால வினாத்தாளும் குறிப்புக் கொப்பியும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் நாமே. ஒரு செய்தியை வாசித்ததும் இதை எழுதியவர் யார், எழுதாது விடப்பட்டவர் யார், மற்றத் தரப்பு எங்கே என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்கலாம். அதற்குப் பல்கலைக்கழக அனுமதி தேவையில்லை.

அன்று வாயிலிலிருந்து திரும்பி, பேருந்திலே கிராண்ட்பாஸ் நோக்கி வந்தோம். என் பழைய பெட்டியிலிருந்து எடுத்துச் சென்றிருந்த 2012ஆம் ஆண்டுப் பிரசுரங்கள் இரண்டை அவர்களிடம் கொடுத்தேன். மடிப்பிலே கிழிந்த தாள்கள். மூவரும் தலைகளை நெருக்கி வைத்து வாசித்தார்கள். ஆறு வீதம் என்றால் எவ்வளவு, இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். அதைத் தேடி எழுதிவருவதே அடுத்த வாரத்துக்கான பயிற்சி என்றேன்.

அவர்கள் எழுதிவந்தார்கள். அந்தத் தாள்களை நான் திகதியிட்டுக் கோவையிலே சேர்த்து வைத்திருக்கிறேன்.