ஹெட்டை மாற்றினால் போதுமா? பெரிய மாடல் எஞ்சினும் டீசல் ஆசையும்

என் மேஜை இழுப்பறையில் ஒரு 10 சிசி க்ளோ எஞ்சின் மூன்று வருடமாகத் தூங்குகிறது. பழையதாக வாங்கியது என்றாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் அதைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதை டீசலா மாத்திடுங்க சார். ஹெட்டை மட்டும் மாத்தினா போதும். பாதி எரிபொருள், டபுள் பவர்” என்றார். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. சிறிய மாடல் டீசல்களை வருடக்கணக்காக ஓட்டுகிறவர். அதனால் அவர் சொன்னதைக் காதில் வாங்கிவிட்டு அப்படியே விட மனமில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். மாடல் விமானக்காரர்கள் ‘டீசல்’ என்று சொல்வதை நம்பி யாராவது பெட்ரோல் பங்க்கில் கேனை நீட்டினால் ஏமாந்துதான் போவார்கள். இந்த எஞ்சின் குடிப்பது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். பழைய கணக்குப்படி மூன்றும் சம பங்கு. பஸ், லாரி எஞ்சினில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கிவிட்டுப் பிறகு எரிபொருளைப் பீய்ச்சுவார்கள். இங்கே கார்புரேட்டரிலேயே கலந்துவிட்ட காற்றும் எரிபொருளும் சேர்ந்தே அழுத்தப்படுகின்றன. சூடு போதுமான அளவு ஏறியதும் கலவை மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. பற்ற வைப்பது ஈதரின் வேலை, ஏனென்றால் அது மிகக் குறைந்த சூட்டிலேயே தானாக எரியும். எப்போது பற்ற வேண்டும் என்பதை சிலிண்டரின் மேல்பக்கத்தில் இருக்கும் எதிர்பிஸ்டனை ஒரு திருகால் ஏற்றி இறக்கி நாம்தான் தீர்மானிக்கிறோம்.

க்ளோ எஞ்சினின் வழி வேறு. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளக்கில் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் மெத்தனாலோடு வினைபுரிந்து, பேட்டரியைக் கழற்றிய பிறகும் கனன்றுகொண்டே இருக்கும். திருகும் கிடையாது, தனியாக டைமிங் வைக்கிற வேலையும் கிடையாது. இந்தச் சௌகரியத்துக்காகத்தான் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்படியிருக்க, இன்று ஏன் திரும்பவும் டீசல் பேச்சு? எரிபொருள்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் சாதாரணமாக வாங்க முடியாது. நம் ஊரில் மெத்தனாலே பிரச்சினை. கள்ளச்சாராயத்தில் அது கலந்து எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதற்கு 2024 ஜூன் மாதத்துக் கள்ளக்குறிச்சி போதும். அதன் மேல் கட்டுப்பாடு இருப்பது நியாயம்தான். ஆனால் ஈதரும் அப்படி ஒன்றும் சாது இல்லை. போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படுவதால் 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கொதிநிலை வெறும் 34.6 டிகிரி. மே மாதத்து மதியத்தில் நம் மொட்டை மாடியில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு தலைவலிக்குப் பதில் இன்னொன்று.

இப்போது நண்பரின் இரண்டு வாக்குறுதிகள்.

‘பாதி எரிபொருள்’ என்பது ஏறக்குறைய உண்மை. ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 20 மெகாஜூல் சக்தி, மண்ணெண்ணெயில் சுமார் 43. சர்வதேசக் கட்டுக்கம்பிப் பந்தயங்களில், சின்னத் தொட்டியோடு 10 கிலோமீட்டர் ஓட வேண்டிய டீம் ரேஸ் பிரிவில், 2.5 சிசி டீசல்கள் கோலோச்சுவது இதனால்தான். தொட்டி நிரப்ப இறங்கும் தடவை குறைந்தால் அதுவே வெற்றி.

‘டபுள் பவர்’ மட்டும் இடிக்கிறது. எஞ்சின் ஒரு சுற்றில் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு மாறுவதில்லை. ஒரு கிலோ மெத்தனாலை எரிக்க சுமார் 6.5 கிலோ காற்று வேண்டும், மண்ணெண்ணெய்க்கு 15 கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ காற்றுக்கு மெத்தனால் தருவது 3.1 மெகாஜூல், மண்ணெண்ணெய் 2.9. மண்ணெண்ணெய் கொஞ்சம் பின்தங்கியே நிற்கிறது. கூடுதல் பவர் வேண்டுமென்றால் அது நைட்ரோமீத்தேன் பக்கம் இருக்கிறது. அங்கே இதே கணக்கு 6-ஐத் தாண்டும்.

அப்படியானால் டீசலாக மாற்றியவர்கள் பெரிய ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் காட்டுவது பொய்யா? இல்லை. ப்ரொப்பெல்லர் கேட்கும் பவர், விட்டத்தின் நான்காம் அடுக்கோடும் சுழற்சியின் மூன்றாம் அடுக்கோடும் ஏறும் என்பது பொதுவான கணக்கு. 12×6-ஐ 12,000 சுற்றில் ஓட்டும் அதே பவரில் 14×6-ஐ சுமார் 9,800 சுற்றில் ஓட்டலாம். அதே பவர், குறைந்த சுற்று, 23 சதவீதம் அதிக முறுக்குவிசை. மெதுவாகப் பறக்கும் பெரிய மாடலுக்கு இது நிஜமான லாபம். சத்தமும் குறையும். ஆனால் இதற்கு ‘டபுள் பவர்’ என்று பெயர் வைப்பது சரியில்லை.

இதுவரை நண்பர் பக்கம் பாதியாவது நின்றேன். ‘ஹெட்டை மட்டும் மாத்தினா போதும்’ என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. இப்படிப்பட்ட ஹெட்கள் விற்பனைக்கு வந்ததுண்டு. அமெரிக்காவின் டேவிஸ் டீசல் டெவலப்மென்ட், எதிர்பிஸ்டனுக்கு ஓ-ரிங் போட்ட ஹெட்களைப் பெரிய எஞ்சின்களுக்கும் விற்றது. பொறியியலாக அது அழகான தீர்வு. எதிர்பிஸ்டனை லைனருக்குள் இழைத்துப் பொருத்த வேண்டிய அவசியமே போய்விடுகிறது. ஆனால் ஹெட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் மெத்தனாலை நம்பி வடிவமைத்தது.

மெத்தனால் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சும். அதே காற்றுக்கு மண்ணெண்ணெய் உறிஞ்சுவது சுமார் பத்தில் ஒரு பங்கு. உள்ளிருந்து குளிர்வித்த ஒன்று காணாமல் போகிறது. அடுத்தது எண்ணெய். எரிபொருள் பாதியானால் அதோடு வரும் எண்ணெயும் பாதிதான். க்ளோ கலவையில் 20 சதவீதம் போதுமானதாக இருந்தது என்று இங்கேயும் அதையே வைத்தால், முறுக்குவிசை கூடிய நேரம் பார்த்து கனெக்டிங் ராட் பட்டினி கிடக்கும். கார்புரேட்டரும் இரட்டிப்பு ஓட்டத்துக்காகச் செய்தது என்பதால், ஊசியை ஒரு மயிரிழை திருப்பினாலே நிலைமை மாறிவிடும்.

சிறிய எஞ்சின் இதையெல்லாம் மன்னித்துவிடும், ஏனென்றால் கொள்ளளவோடு ஒப்பிட அதற்குப் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். 10 சிசியில் அந்தச் சலுகை குறைவு. அழுத்தத்தில் தேங்கும் ஆற்றலும் கொள்ளளவோடு ஏறும். 2.5 சிசி எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் விரல் வலிக்கும். நாலு மடங்கு பெரிய எஞ்சின் 14 அங்குல ப்ரொப்பெல்லரோடு உதைத்தால் தையல் போட வேண்டியிருக்கும். சரி, மின் ஸ்டார்ட்டர் வைக்கலாமே என்றால், சிலிண்டரில் எரிபொருள் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டர் போட்டால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். கையால் சுற்றினால் விரலுக்கு ஆபத்து, ஸ்டார்ட்டர் போட்டால் எஞ்சினுக்கு ஆபத்து. ‘ஹெட்டை மாத்தினா போதும்’ என்று சொல்கிறவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் குறை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதானால் எண்ணெய் 25 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். திருகைத் தளர்த்தி வைத்து, உள்ளே எரிபொருள் தேங்கவில்லை என்று மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ப்ரொப்பெல்லரை வெறும் விரலால் தொடாதீர்கள். எஞ்சின் சூடேறியதும் திருகைக் கொஞ்சம் திரும்பத் தளர்த்துங்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எங்கிட்ட இருக்கிறது எல்லாமே மூணு சிசிக்குள்ளதான் சார், பெரிசை நான் மாத்தினதே இல்ல” என்றார். என் 10 சிசி இன்னும் க்ளோ ஹெட்டோடு அதே இழுப்பறையில்தான் இருக்கிறது.