பயிற்றுநர் மாற்றமும் அணிகளின் வீழ்ச்சியும்

புகழ்பெற்ற அணியொன்று தோற்கத் தொடங்கியதும் பயிற்றுநரை மாற்றுவதே இக்காலக் காற்பந்தாட்டத்தின் முதல் மருந்தாகிவிட்டது. அம்மருந்து நோயைத் தீர்க்கின்றதா என்பது ஆராயற்பாலது.

மென்செஸ்டர் யுனைட்டட் கழகத்தை நோக்குவோம். 1986இல் பொறுப்பேற்ற அலெக்ஸ் பெர்குசன் தமது முதலாவது லீக் வெற்றியை 1993இலேயே ஈட்டினார். கழகம் காட்டிய அப்பொறுமையே பின்னர் மேலும் 12 லீக் வெற்றிகளை ஈன்றது. 2013இல் அவர் ஓய்வு பெற்றபின் மோயஸ், வான் கால், மொரின்ஹோ எனப் பலர் வந்து சென்றனர். செல்சிக்கு லீக் வென்று கொடுத்த மொரின்ஹோவுக்கு இங்கு அது கைகூடவில்லை. 2024-25 பருவத்தில் அணி 15ஆம் இடத்துக்கு இறங்கியது. பயிற்றுநர் கழகம்விட்டுக் கழகம் பெயரலாம். அவரது திறமையைத் தாங்கிய மரபு அவரோடு பெயர்வதில்லை.

நம் நாட்டின் நிலையும் இத்தகையதே. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் பெற்ற தேசிய அணி, 2022இல் உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்துக்கும் கீழே கிடந்தது. 2018 முதல் 2022 வரை பக்கீர் அலி, அமீர் அலாஜிச், அண்டி மொறிசன் ஆகியோர் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர். 2023 ஜனவரியில் பீபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அது நிருவாகத்தின் நோய். எப்பயிற்றுநராலும் தீர்த்திருக்க இயலாதது.

எனினும் ஆட்டம் இங்கு சாகவில்லை. நம் மாவட்டத்து வென்னப்புவையின் நியூ யங்ஸ் கழகம் 2021இல் முதலாவது சுப்பர் லீக்கில் ஆடியது. புத்தளம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரச் சிறுவருக்குப் பந்து இன்றும் உயிர். அவர்களைத் தேடிவந்து, பல்லாண்டு நிலைத்துநின்று பழக்கும் பயிற்றுநரே இன்று வேண்டற்பாலர். தேசிய அணிக்கு ஆளை மாற்றுவோர் இதனை முதலிற் சிந்திப்பாராக.