பின்வரிசைக்குப் போய்ச் சேரும் உபசாரம்

அதிராம்பட்டினத்தில் விமான நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, உட்கார்ந்து பார்த்துப் பேசுகிறார்கள். துபாய், ஜித்தா, சிங்கப்பூர், லண்டன் என்று தெருவுக்குத் தெரு சபர் போனவர்கள் இருக்கும் ஊர். அசர் தொழுதுவிட்டு வெளியே வருகிறவரிடம், "எதுல வந்தீங்க காக்கா?" என்று கேட்டால் பதிலில் விமானத்தின் பெயர் மட்டும் வராது. கால் நீட்ட இடம் இருந்ததா, சோறு சூடாக வந்ததா, பெட்டி எப்போது கைக்குக் கிடைத்தது, தண்ணீர் கேட்ட பெரியம்மாவிடம் பணிப்பெண் எப்படி முகம் கொடுத்தார் என்று ஒரு தீர்ப்பே வந்துவிடும். உலகத்தின் சிறந்த விமான நிறுவனம் எது என்று ஸ்கைட்ராக்ஸ் வருடாவருடம் அறிவிக்கிறது. 2023-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2024-ல் கத்தார் ஏர்வேஸ். ஊர்க்காரர்களின் பட்டியல் நாற்பதாவது வரிசையில் இருந்து போடப்படுவது. எனக்கு அந்தப் பட்டியலில்தான் நம்பிக்கை.

இந்த ரசனை கப்பல் காலத்திலேயே தொடங்கியது. ரஜுலா, அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. இப்போது பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம். அங்கே நேர் விமானம் வாய்க்காவிட்டால் சென்னை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாரோங் கெபாயாவில் தொடங்குகிறேன். பாரிஸ் தையற்கலைஞர் பியேர் பால்மேன் 1968-ல் வடிவமைத்த உடை அது. மலாய்ப் பெண்கள் உடுத்திவந்த கெபாயாவின் கழுத்தும் பாத்திக் பூவேலையும் அப்படியே இருக்க, வெட்டு மட்டும் பிரெஞ்சுத் தையல். எல்லோரும் பார்ப்பது இவ்வளவுதான். கொஞ்சம் ஊன்றிப் பார்த்தால் நிறம் பேசும். நீலம் உடுத்தியவர் சாதாரணப் பணிப்பெண். பச்சை அதற்கு மேல், சிவப்பு அதற்கும் மேல், ஊதா உடுத்தியவர்தான் விமானத்துக்குள் பணிக்குழுவின் தலைவர். பெயர்ப்பட்டையைக் குனிந்து படிக்க வேண்டியதில்லை. யாரிடம் எதைச் சொன்னால் நடக்கும் என்று புடவைக் கரை பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். இதே நிறுவனத்தின் பிள்ளையான ஸ்கூட், திருச்சிக்கு வருகிறது. அதில் கெபாயா கிடையாது, சோறும் காசு கொடுத்தால்தான். ஆனாலும் திருச்சியில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கலாம் என்பதால் ஊரில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

எமிரேட்ஸ் 1985 அக்டோபரில் பாகிஸ்தான் ஏர்லைன்ஸிடம் வாடகைக்கு வாங்கிய இரண்டு விமானங்களோடு தொடங்கியது. பணிப்பெண்களின் சிவப்புத் தொப்பியில் உள்ள ஏழு மடிப்புகள் ஏழு அமீரகங்களைக் குறிப்பவை. பெரிய விமானங்களில் இரவு விளக்கை அணைத்தபின் கூரையில் நட்சத்திரங்களாகச் சிறு விளக்குகள் மினுங்கும். 1992-லேயே எல்லா வகுப்பிலும் ஆளுக்கொரு திரை வைத்தவர்கள் இவர்கள். கடைசி வரிசைக்காரருக்கும் தமிழ்ப்படம் கிடைப்பதற்கு அப்போதே அடி போட்டாகிவிட்டது. இவ்வளவு பாராட்டியபின் ஒரு குறையும் சொல்ல வேண்டும். போயிங் 777 என்ற ஒரே விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒரு வரிசைக்கு ஒன்பது பேரை உட்கார வைக்கிறது, எமிரேட்ஸ் பத்துப் பேரை. விமானத்தின் அகலம் மாறாது. ஆகவே அந்தப் பத்தாவது ஆளுக்கு மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கு ஒன்றரை அங்குலமாவது விட்டுத்தர வேண்டும். நான்கு மணி நேரம் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு வருகிறவருக்குக் கூரை நட்சத்திரத்தைவிட அந்த ஒன்றரை அங்குலம் பெரிது. இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூருக்கே என் ஓட்டு.

கத்தார் ஏர்வேஸின் பெருமை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. ஏர்பஸ் ஏ350 விமானத்தை உலகில் முதன்முதலாக, 2015 ஜனவரியில், பயணிகளோடு பறக்கவிட்டது அந்த நிறுவனம்தான். பழைய விமானங்களுக்குள் காற்றழுத்தம் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். ஏ350-ல் அந்த உயரம் ஆறாயிரம் அடியாக இறங்குகிறது, காற்றிலும் கொஞ்சம் ஈரம் கூடுதல். வயதான உம்மாவைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போது எந்த விமானம் என்று கேட்பது நல்லது. காது அடைப்பதும் தொண்டை வறள்வதும் குறையும்.

ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு இந்தப் பணக்கார வரிசையில் இடம் கிடைக்காது. இருந்தும் திருச்சியில் ஏறுகிறவர்களுக்கு அது நெருக்கமானது. வாலில் மயில், பணிப்பெண்களின் சேலையில் மயில்தோகை. ஆயுபோவனுக்கு அடுத்து வணக்கம் வரும். சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது, மிதவை உடை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தமிழில் கேட்டுக்கொண்டே கடலைத் தாண்டலாம். முதல்முறை விமானம் ஏறும் பையனுக்குக் கையில் இருக்கும் நடுக்கம் அந்தத் தமிழில் பாதி அடங்கிவிடும்.

இனி சவூதியா. 1945-ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மன்னர் அப்துல் அஜீஸுக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு டிசி-3 விமானத்தில் இருந்து வளர்ந்த நிறுவனம். உள்ளே மது கிடையாது. புறப்படும் முன் பயணத்து துஆ ஒலிக்கும். சில பெரிய விமானங்களின் பின்பகுதியில் திரைபோட்டு மறைத்த தொழுகை இடம் உண்டு, கிப்லா எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு திரையும் உண்டு. விமானம் திரும்பினால் அந்தக் குறியும் திரும்பும்.

இதைவிட நுட்பமானது மீக்காத் அறிவிப்பு. உம்ராவுக்குப் போகிறவர் மீக்காத் எல்லையைத் தாண்டுவதற்கு முன் இஹ்ராம் உடுத்தி நிய்யத் வைத்துவிட வேண்டும். தரைவழியில் போனால் அங்கே இறங்கிக் குளித்து, இரண்டு துண்டுத் துணியை உடுத்தி, நிதானமாகத் தொழுதுவிட்டுப் புறப்படலாம். வானத்தில் அந்த எல்லைக்குப் பலகையும் இல்லை, நின்று போகவும் முடியாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிடும். இஹ்ராம் இல்லாமல் தாண்டிவிட்டால் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே மீக்காத் வருகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். விமானக் கழிவறை எவ்வளவு குறுகலானது என்பது தெரிந்த பெரியவர்கள் சென்னையிலேயே வெள்ளை உடுத்திக்கொண்டு ஏறியிருப்பார்கள். தூங்கிக்கொண்டிருப்பவரைப் பக்கத்து இருக்கைக்காரர் தட்டி எழுப்புவார். பிறகு முன்வரிசையில் ஒரு குரலில் தொடங்கும் தல்பியா முழக்கம் பின்வரிசை வரை பரவும். விமானிக்கு மீக்காத் வரைபடத்தில் ஒரு புள்ளி. பயணியோ அதற்காகப் பல வருடம் பணம் சேர்த்தவர். அந்தப் புள்ளியைப் பயணியின் கண்ணால் பார்த்து நேரம் குறித்துச் சொல்கிற நிறுவனத்தை நான் முதல் வரிசையில் வைப்பேன். திரும்பி வரும்போது ஐந்து லிட்டர் ஜம்ஜம் தண்ணீருக்குத் தனியாக இடம் ஒதுக்குவதும் இதே அக்கறையைச் சேர்ந்தது.

கடைசியாக நம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2005-ல் கேரளத்தில் இருந்து வளைகுடாவுக்குத் தொடங்கிய சேவை, திருச்சிக்காரர்களுக்கும் அதுவே வளைகுடா வண்டி. புது விமானங்களின் வாலில் பாந்தனி, அஜ்ரக், காஞ்சிப் பட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு துணிக் கோலம். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியில் இருந்து ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. போயிங் 737-ல் எரிபொருளை வெளியே கொட்ட வழி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். சுமார் 140 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து, எடை குறைந்தபின் திருச்சியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். சாப்பாட்டையும் இருக்கையையும் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்த இரண்டு மணி நேரம் காட்டிய பொறுமைக்கு ஈடான உபசாரம் வேறில்லை.

திருச்சிக்குப் பறக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இண்டிகோவின் தமிழ் விமானி ஒருவர், சென்னையில் இருந்து மதுரை போகும் வழியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் நடுவே ஸ்ரீரங்கத்தையும் தமிழில் காட்டிக்கொண்டு போனார். தமிழ்நாடே அதைக் கேட்டு மகிழ்ந்தது. அவ்வளவு வேண்டாம். சீட் பெல்ட்டையும் அவசரக் கதவையும் பற்றிய அறிவிப்பையாவது ஒவ்வொரு பயணத்திலும் தமிழில் சொல்லுங்கள். உங்கள் விமானத்தை நிரப்புகிறவர்கள் டெல்டா கிராமங்களில் இருந்து வருகிறவர்கள். ஆபத்து நேரத்தில் அவர்களுக்கு உடனே புரிவது அந்த மொழிதான்.