பின்னொளி - முகம் - சாட்சியம்

மணமக்களைச் சூரியனுக்கு முதுகுகாட்டி நிற்கவைத்து எடுக்கும் படம் இன்று தமிழ்நாட்டுக் கல்யாண ஆல்பங்களின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடற்கரையோ, சவுக்குத்தோப்போ, வயல்வரப்போ, கூந்தலோரத்திலும் தோளோரத்திலும் ஒரு பொன்கோடு. நடுவே இரண்டு உருவங்கள். தொழில் தெரிந்தவர்கள் 'பேக்லைட்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அத்தோடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

தொழில்ரீதியான நியாயம் இதற்கு உண்டு. வெயிலை நேரே பார்த்து நின்றால் கண் சுருங்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். சூரியன் முதுகுப்பக்கம் போனால் கண் திறக்கும், முகத்தில் வெளிச்சம் சீராகப் படியும். ஆனால் அங்கேயே ஒரு தீர்மானமும் வந்துவிடுகிறது. எதிரே இருப்பது வானமா மணப்பெண்ணா என்று காமிராவின் ஒளிமானி அறியாது. கண்ட வெளிச்சத்தையெல்லாம் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதன் போக்கில் விட்டால் வானம் ஜெயித்து முகம் கறுக்கும். முகம் வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டவேண்டும். அப்போது வானம் வெளிறிப் பின்னணி அழியும். யாருக்காக எக்ஸ்போஸ் செய்வது என்கிற இந்தக் கேள்வியைத் தொழில்நுட்பம் தானாகத் தீர்த்துவைப்பதில்லை.

பழைய ஸ்டுடியோப் படத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. நாற்காலி, தீட்டிய திரைச்சீலை, முன்னாலிருந்து இரண்டு விளக்கு. அந்தப் படங்களில் புதுப்பெண்கள் பெரும்பாலும் சிரிப்பதில்லை. மிரட்சியோ, எரிச்சலோ, சம்மதமின்மையோ, "கொஞ்சம் சிரிம்மா" என்று கெஞ்சியும் வராத சிரிப்போ அப்படியே பதிந்துபோயிருக்கிறது. புகைப்படம் எதைச் சொல்வதற்கு முன்பும் 'இது இருந்தது' என்று சாட்சி சொல்கிறது என்னும் ரொலான் பார்த்தின் வாதம் (1980) இந்த உம்மணாமூஞ்சிப் படங்களுக்கு நன்றாகவே பொருந்தும். கல்யாணத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு யாரோ. முகம் மட்டும் அவளுடையதாக இருந்தது. பின்னொளி அந்த முகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. நிழலுருவத்துக்கு விருப்பமின்மை கிடையாது. நெற்றியோடு நெற்றி சேர்ந்த இரண்டு கறுத்த விளிம்புகளைக் காதல் என்றல்லாமல் வேறெப்படியும் வாசிக்க முடியாதபடி பிரதி மூடப்பட்டுவிடுகிறது.

ஜாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்துக்கு இப்படியொரு காதல் பூர்வகதை தேவைப்படுகிறது. அதற்கான மொழியைக் கொடுத்தது சினிமா. அசோக்குமார் ஒளிப்பதிவு செய்த மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980), பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) போன்ற படங்களில் எதிர்வெளிச்சம் பாத்திரங்களின் மனநிலையோடு சேர்ந்து இயங்கியது. 'மௌன ராகம்' விருப்பமில்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒருத்தியின் கதை. ஆல்பம் அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டது.

சூரியன் கடலில் இறங்கும் படிமமும் நம் கீழைக்கரைக்குக் கடன் சரக்குதான். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் சூரியன் கடலிலிருந்து எழும், இறங்குவது ஊருக்குள். ஆகவே அந்தி மாதிரி ஒரு படத்துக்காக விடியற்காலை நாலு மணிக்கே பெண்ணை எழுப்பி அலங்காரம் செய்கிறார்கள். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய நட்டமாக ஏறுவதால் தாழ்ந்த வெளிச்சம் சீக்கிரம் கைவிட்டுப் போய்விடும். முகூர்த்தத்துக்கு இருக்கிற கெடுபிடி இந்த வெளிச்சத்துக்கும் வந்துவிட்டது.

முகமும் வேண்டும், பொன்கோடும் வேண்டும் என்பவர்களுக்குத் தெர்மோகோல் இருக்கிறது. ஒரு பையன் முன்னால் நின்று, வெயில் தன் கண்ணில் குத்த, வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை அவர்கள் முகத்துக்குத் திருப்புவான். பின்னால் ஒளிவட்டம், முன்னால் துலங்கும் முகம்: இது கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் தெய்வங்களுக்குரிய ஒளி. இயந்திரப் பிரதியாக்கத்தில் ஒளிவட்டம் வாடிப்போகிறது என்றார் வால்டர் பெஞ்சமின். அவர் சொன்ன பொருள் வேறு என்றாலும், இங்கே இயந்திரமே ஒன்றை ஒட்டித் தந்துவிடுகிறது! தெய்வமாக்கும்போதே வெளுப்பாக்கவும் செய்கிறார்கள். கறுத்த பெண் என்றால் இன்னும் அரை ஸ்டாப் கூடும். வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்கக் கோடாக் பல காலம் அனுப்பிவந்த 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அட்டை போய்விட்டாலும் அளவுகோல் போகவில்லை. ஆக, கறுத்த பெண்ணுக்கு இரண்டே வழி: நிழலுருவமாக முழுக்கக் கறுப்பது, அல்லது தெர்மோகோல் முன்னால் வெளுப்பது.

தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் கழித்துப்போட்ட படங்கள் சிலவற்றைக் காட்டினார். தெர்மோகோல் இல்லை, மணலே போதுமான வெளிச்சத்தை முகத்துக்கு அனுப்பியிருந்தது. வானம் முழுக்க வெளிறிக் கடல் எங்கே என்றே தெரியவில்லை. பெண் தூக்கக் கலக்கத்தோடு, மாப்பிள்ளையைப் பார்க்காமல், காதோரம் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் நிறம் அவள் நிறமாகவே இருக்கிறது. ஏன் கழித்தீர்கள் என்று கேட்டேன். "வீட்டுக்காரங்க கேக்க மாட்டாங்க சார், மூட் இல்ல" என்றார்.