இருபது கிராமுக்குள் அடங்காத புகை

விறகடுப்புப் புகை பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பதை ஆந்திரத்தில் எங்கள் வடமாலபேட்டையில் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவாள். அடுப்பை மாற்றினால் பிள்ளை எவ்வளவு தேறும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அந்த அளவையில் நம் பக்கத்தில் முன்னால் நிற்பவர் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவர் பங்கேற்ற ‘ஹேப்பின்’ ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில் நடந்தது. இந்தியாவில் களம் விழுப்புரமும் நாகப்பட்டினமும்.

மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும் கிடைத்தன. மற்றவர்கள் பழைய அடுப்பிலேயே சமைத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. எரிவாயு வீட்டுக் குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2,921 கிராம், மற்ற வீடுகளில் 2,898. புள்ளியியல் முறையில் சரிக்கட்டிப் பார்த்தால் வித்தியாசம் ஏறத்தாழ 20 கிராம். தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் ஒதுக்கும் அளவு அது.

முதலில் இந்த ஆய்வின் பலம். அடுப்பைக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஆய்வுகள் ஏராளம். இங்கே பழைய அடுப்பில் வெப்பமானி பொருத்தினார்கள். திருட்டுத்தனமாக விறகு எரிந்தாலும் தெரிந்துவிடும். பெண்கள் நுண்துகள் அளக்கும் கருவியை உடுப்போடு சேர்த்து 24 மணி நேரம் அணிந்திருந்தார்கள். அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது: பழைய அடுப்பில் சமைத்தவர்கள் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் சராசரி கன மீட்டருக்கு 103 மைக்ரோகிராம் இருந்த இடத்தில் எரிவாயு வீட்டுப் பெண்களுக்கு 35. எதிர்பார்த்த பலன் வராதபோதும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

ஆனால் ‘பலனில்லை’ என்று படிப்பது அவசரம். கல்பனாவின் குழு 2018இல் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. அந்தக் கணக்குப்படி 68 குறைந்தால் 27 கிராம் கூடவேண்டும். வந்தது 20. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நாம் வைத்த எதிர்பார்ப்புதான் பெரிது. தவிர, 35 என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த ஆண்டு வரம்பான 5ஐப் போல் ஏழு மடங்கு. தன் அடுப்பு அணைந்தாலும் பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறது. தெரு முழுக்க எரிவாயு கொடுக்காமல் தனித்தனி வீடுகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தது இந்த ஆய்வின் பெரிய ஓட்டை.

இன்னொன்று காலம். கர்ப்பத்தில் 9 வாரம் கடந்தபிறகே பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பே வருடக்கணக்காகப் புகையில் வெந்தவர்கள் அவர்கள். ரத்தசோகையும் அரைவயிறும் வேறு. சில மாத நல்ல காற்று அத்தனையையும் ஈடுகட்டும் என்று நினைப்பது பேராசை.

மூன்றாவது குறை நம் ஊரில் நன்றாகத் தெரியும். ஆய்வில் எரிவாயு காசில்லாமல் கிடைத்தது. இங்கே ஆந்திர அரசின் தீபம்-2 திட்டம் 2024 நவம்பரிலிருந்து ஆண்டுக்கு மூன்று சிலிண்டரை இலவசமாக்கியது. ஆனாலும் திட்டம் தொடங்கியபோது முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பணம் வங்கிக்கணக்கில் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மூன்று சிலிண்டர் வருடம் முழுக்க வராது. எனவே சோற்றுக்கு எரிவாயு, வெந்நீர்ப் பானைக்கு மாங்கிளையும் கரும்புச் சருகும் என்று வீடு தானே பங்கு பிரித்துக்கொள்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் அதிகம் வேண்டும். புகையும் அப்போதுதான் அதிகம். குளிப்பாட்டிய கையோடு பச்சைக் குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது தனி. பிறப்பு எடையை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்தப் புகை வராது.

கல்பனா போன்றவர்களின் உழைப்பு நமக்குத் தந்தது நம்பத்தகுந்த ஓர் எண். அதைக் காட்டி எரிவாயு மானியத்தைக் குறைக்க யாரேனும் வாதாடினால் அது எண்ணின் குற்றமல்ல, படித்தவரின் குற்றம். அடுத்த ஆய்வு ஒரு தெருவையே அலகாகக் கொள்ளட்டும். கல்யாணமான புதிதிலேயே தொடங்கட்டும். சிலிண்டரோடு சத்துணவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கட்டும். அதுவரை புகையைக் குறைக்க இருபது கிராம் என்ற காரணம் தேவையில்லை. சமைப்பவளின் கண்ணும் நெஞ்சுமே போதிய காரணம்.